ஒத்தைப்பாறை என்னும் வேற்றுக்கிரகம்

பாலுவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேற்றுக்கிரகம் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பி இருந்தது. இதுதான் பிரச்சனை. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

எங்கள் வீடு அருவங்காட்டில், வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு அங்கே வேலை. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள், கதவுக்குக் கதவு ஒரே பெயிண்டில் நம்பர். புல் கொஞ்சம் தலை தூக்கினால் வெட்டுவதற்கு ஆள் வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, காடு மனிதனை விழுங்குகிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் எடுக்க ஒருவன் ஆசைப்பட்டால் அவன் கதி என்ன? அந்த ஒருவன் நான்தான். விஜயபாஸ்கர்.

அந்த மாதிரிப் படங்களில் எனக்கு ராக்கெட் முக்கியமில்லை. துப்பாக்கி முக்கியமே இல்லை. மனிதர்கள் எல்லாம் போன பிறகு கட்டடத்து ஜன்னலுக்குள் ஒரு கொடி தலையை நீட்டும் பாருங்கள், ரோட்டைப் பிளந்துகொண்டு ஒரு மரம் எழுந்து நிற்கும் பாருங்கள், அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். வாடகைக்கு எடுத்த சி.டி.யில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, கடைசியில் சி.டி. சிக்கிக்கொண்டு, கடைக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் எங்கள் கேபிள்காரர் நல்லசாமி அண்ணன் ஒரு அறிவிப்பு போட்டார். உள்ளூர்ப் பசங்கள் எடுக்கிற பத்து நிமிடப் படம் ஒன்றைத் தீபாவளி சாயங்காலம் தன் லோக்கல் சேனலில் போடுவாராம். அருவங்காடு, ஜெகதளா, சுற்றுவட்டாரம் பூராவும் வரும். எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. கண்ணை மூடினால் ஒரே ஒரு கார்டுதான் தெரிந்தது. கறுப்புத் திரை. நடுவில் வெள்ளை எழுத்து. ‘இயக்கம்: விஜயபாஸ்கர்.’

கேமரா இருந்தது. குவைத் சித்தப்பா லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனது. கதையும் இருந்தது. பூமியை விட்டுப் போன மனிதர்கள் பல காலம் கழித்து ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவள் வந்து இறங்குகிறாள். காடு அவளை விடவில்லை. அவ்வளவுதான். இல்லாதது காடு மட்டும்தான். பூங்காவுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் புதுமணத் தம்பதியும் வந்து நின்றார்கள். கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது.

ஊட்டி காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் பாலு. அவனிடம் புலம்பினேன்.

“காடுதானடா வேணும்? எங்கூட்டுக்கு வா. வந்து வேணுங்கறத எடுத்துக்க.”

பாலுவின் வீடு ஜெகதளாவுக்கு மேலே, ஒத்தைப்பாறை எஸ்டேட் லயத்தில் இருந்தது. லயம் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள்தான் அங்கே பெரும்பாலும். தேயிலை விலை அடியோடு விழுந்ததும் முதலாளி ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருடமாக அந்தச் செடிகளை யாரும் தொடவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். பேப்பரில் வந்தது. தெரிந்தும், தேயிலை என்றால் இடுப்பளவு, மேஜை விரித்த மாதிரி என்றுதான் என் மண்டையில் இருந்தது.

லயத்தைத் தாண்டித் திரும்பினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லாம் மரம். தேயிலை, மரமாகி இருந்தது. என் தலைக்கு மேலே இன்னொரு ஆள் உயரத்துக்கு ஏறி, கிளையோடு கிளை பின்னி, உள்ளே பகலிலேயே பச்சை இருட்டு. அடித்தண்டெல்லாம் வெள்ளைப் பாசி பிடித்து முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஃபேக்டரியின் தகரக் கூரையைக் கொடி இழுத்துப் பாதி மடக்கி வைத்திருந்தது. இலை காயவைக்கிற மாடியில் பெரணிச் செடி முளைத்திருந்தது, யாரோ பாத்தி கட்டி நட்ட மாதிரி.

“என்னடா, பல்லக் காட்டிட்டு நிக்கிற?” என்றான் பாலு.

“டேய்… இது இங்கயேவா இருந்துச்சு?”

“இல்ல, நேத்துதான் லாரில வந்து எறங்குச்சு.”

“குடுத்து வச்சவன்டா நீ.”

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. யோசித்தான்.

“சரி, மாத்திக்கலாம். நீ இந்தக் காட்ட வச்சுக்க. உங்கப்பா சம்பளத்த மாசாமாசம் எங்கம்மாகிட்ட குடுத்துரு. அந்தத் தண்ணிக் குழாயும் வேணும். உள்ளயே வருதில்ல, அது.”

அவன் அம்மா தெய்வம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க தம்பி. காடு எங்கயும் ஓடாது” என்றார். டம்ளரை வாங்கும்போது கீழே பழைய பிரட்டு மைதானத்தில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற அந்த இடத்தில், ஒரு காட்டெருமை வந்து நின்றது. கறுப்பு மலை மாதிரி. நான் டம்ளரோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

“அது தெனம் பிரட்டுக்கு வந்துருது தம்பி. நேரம் தவறுறதே இல்ல” என்றார் தெய்வம்மா. “நம்ம ஆளுகளுக்குத்தான் பிரட்டு இல்ல.”

அன்றைக்கு வீட்டுக்கு இறங்கி வரும்போது வயிறு எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த லயத்தில் குழாய் இல்லை, பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், பாலுவின் தங்கை வாசுகி கேத்தியில் கேரட் கழுவப் போகிறாள், எல்லாம் தெரிந்தும் எரிந்தது. அவன் காலையில் கதவைத் திறந்தால் என் படம் முழுக்க அங்கே நிற்கிறது. அவன் அதன் மேல்தான் பல் விளக்கித் துப்புகிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. விண்வெளிப் பெண் வாசுகிதான். அவளுக்கு அன்றைக்குத்தான் லீவு. என் அப்பாவின் பழைய ஓவரால், என் ஸ்கூட்டர் ஹெல்மெட். பாலு ஃபேக்டரிக்குள் புகுந்து, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தான். கை, கால், ஹெல்மெட் எல்லாவற்றிலும் சுற்றினோம். பார்த்தால் நிஜமாகவே வேறு கிரகத்துப் பெண் மாதிரி இருந்தாள். அந்த யோசனையும் அவனுடையது என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

“வாசுகி, நல்லாக் கேட்டுக்க. இந்தக் காடு உன்னக் கொல்லப் பாக்குது. நீ பயந்துக்கிட்டே நடக்குற. எதையும் தொடக் கூடாது. தொட்டா விஷம்.”

“சரிங்கண்ணா.”

“ஆக்‌ஷன்!”

நடந்தாள். நன்றாகத்தான் நடந்தாள். முகத்தில் பயம், தோளில் பயம், எல்லாம் அருமை. விறகுக்கு வெட்டிவிட்ட ஓரத்துச் செடிகள் மட்டும் இடுப்பளவில் மறுபடி துளிர்த்திருந்தன. அதன் பக்கம் வந்ததும் அவள் இரண்டு கைகளும் தானாக எழுந்தன. டக் டக் டக் என்று கொழுந்தைக் கிள்ளி, தோளுக்குப் பின்னால் வீசின. முதுகில் கூடை இல்லை. கொழுந்தெல்லாம் தரையில் விழுந்தது.

“கட்! ஏன் பறிக்கிற?”

“பறிக்கலியேண்ணா.”

“கீழ பாரு!”

குனிந்து பார்த்தாள். வெள்ளித் தாள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஐயய்யோ. இது எப்படி?”

மறுபடி எடுத்தோம். மறுபடி பறித்தாள். இரண்டு கையிலும் டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் பறித்தாள். பாலு தரையில் உட்கார்ந்து சிரித்தான். லயத்துப் பெண்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

“முத்தலையும் சேத்துல்ல பறிக்கிறா” என்றார் தெய்வம்மா. “பழைய தொரையா இருந்தா இன்னைக்கு அரைப் பேருதான் போட்டிருப்பாரு இவளுக்கு.” அரை நாள் கூலிதான் என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தவிர.

பாலு எழுந்து வந்தான். “மச்சி, விட்டுரு. பறிக்கட்டும்.”

“எது?”

“கதையே அதுதான்னு வச்சுக்க. வந்தவளுக்கு எதுவும் ஞாபகமில்ல. பூமி ஞாபகமில்ல, பேசுற பாஷ ஞாபகமில்ல. கைக்கு மட்டும் ஞாபகமிருக்கு.”

“டேய், இது இயற்கையோட சக்தியப் பத்துன படம். காடு ஜெயிக்கணும்.”

“ஜெயிக்கட்டுமே. யாரு வேணாங்கறா?”

“முடியாது. என் கதைல அப்படி இல்ல.”

என் கதையில் அப்படி இல்லைதான். ஆனால் அவன் சொல்லி முடித்த அந்த நொடியே, அது என் கதையைவிட நல்ல கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் முடியாது என்றேன். மோசமான யோசனையாக இருந்திருந்தால், பார்க்கலாம்டா என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் தெய்வம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்து என்னை உள்ளே கூப்பிட்டார். சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது ரொட்டியில் இருக்கும்போதுதான் கவனித்தேன், வெளியே பேச்சுச் சத்தமே இல்லை. கை கழுவாமல் ஓடினேன். பாலு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். வாசுகி ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள்.

“சும்மா ஒண்ணு எடுத்துப் பாத்தேன்டா” என்றான்.

டேப்பைப் பின்னால் ஓட்டிக் கேமராவில் கண்ணை வைத்தேன்.

மரமான தேயிலைகளுக்கு நடுவே வாசுகி நிற்கிறாள். கைகள் வழக்கமான உயரத்துக்கு, இடுப்புக்கு நேராக எழுகின்றன. அங்கே வெறும் தண்டுதான். கைகள் தண்டைத் தடவுகின்றன. மெதுவாக அண்ணாந்து பார்க்கிறாள். கொழுந்து எல்லாம் மேலே, வெயிலில் இருக்கிறது. ஒரு கையை உயர்த்துகிறாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்குகிறாள். வெள்ளித் தாள் விரல்கள் காற்றில் கிள்ளுகின்றன, ஒன்றுமே இல்லாத இடத்தில், டக் டக் என்று. கீழேயிருந்து மேகம் ஏறி வருகிறது. முதலில் கால் மறைகிறது, பிறகு இடுப்பு, முகம். கடைசியில் அந்தக் கை மட்டும் கொஞ்ச நேரம். பிறகு அதுவும் இல்லை. மரம் மட்டும் மேலே அசைந்துகொண்டிருக்கிறது.

காடு ஜெயித்துவிட்டது. நான் எழுதிய விஷம் இல்லாமல், சாவு இல்லாமல், ஒரு வசனம் இல்லாமல்.

“எப்படி இருக்கு?” என்றான் பாலு.

“கொஞ்சம் ஷேக் ஆகுது.”

“ஆமால்ல?”

“ஃபோகஸும் ஒரு எடத்துல போயிருச்சு.”

“நீயே எடுத்திருக்கலாம். நல்லா வந்திருக்கும்” என்றான். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

டேப் அந்த இடத்திலேயே நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் ஓட்டி, சிவப்புப் பட்டனை அழுத்தி, வேறு எதையாவது எடுத்தால் போதும். கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அவ்வளவு நல்ல ஷாட்டை அழிக்க எனக்குத் தைரியம் இல்லை. அது குருட்டு அதிர்ஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கை தானாக எழுந்தது, மேகம் தானாக வந்தது, இவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதானே. ஒரு ஸ்டாண்டை வைத்திருந்தாலும் அதே வேலையைச் செய்திருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்ட பிறகு மீதி ரொட்டி உள்ளே இறங்கியது.

தீபாவளிக்கு முந்தின வாரம் நல்லசாமி அண்ணனின் கேபிள் ரூமில் எடிட்டிங். இரண்டு டெக், ஒரு டி.வி., ஒரு ஊதுவத்தி. படம் நீளமாக இருந்தது.

“பத்து நிமிசம்னா பத்து நிமிசந்தானுங் தம்பி. அதுக்கு மேல போச்சுன்னா பட்டாசுக்கடை வெளம்பரத்த நான் எங்க கொண்டுபோய்ப் போடறது?”

வெட்ட முடிந்ததை எல்லாம் வெட்டினோம். அப்படியும் மிஞ்சியது. கடைசியில் இரண்டு துண்டுகள் நின்றன. ஒன்று, விண்கலம் இறங்குவது. டிபன் கேரியர் மூடி, மீன்பிடி நரம்பு, சாம்பிராணிப் புகை. ராத்திரி பகல் பார்க்காமல் நான் ஒருத்தனே செய்தது. அம்மா இன்னும் அந்த மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, கை.

“ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்” என்றார் நல்லசாமி அண்ணன். “டைரக்டர் யாரோ, அவங்க சொல்லுங்க, நான் வெட்டறேன். ஏனுங், உங்கள்ல டைரக்டர் யாரு?”

பாலு சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். கதை யாருடையது, கேமரா யாருடையது, ஓவரால் யாருடையது.

“இவன்தானுங்க” என்றான் பாலு, என்னைக் காட்டி. “கேமரா இவங்கூட்டுதுங்க.”

அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டான். கடையில் மிச்சச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கிற மாதிரி. கேமரா இவன் வீட்டுது, அதனால் இவன் டைரக்டர். என் கதை என்றாவது சொல்லியிருக்கலாம்.

“கப்பல வெட்டிருங்கண்ணா” என்றேன்.

பாலு திரும்பினான். “டேய், கப்பல் நல்லாருக்குடா! எவ்வளவு கஷ்டப்பட்ட!”

“வெட்டுங்கண்ணா.”

நான் தியாகம் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கார்டில் என் பெயர்தான் வரப்போகிறது. அதற்குக் கீழே எது வந்தாலும் அது என்னுடையது. டிபன் கேரியர் மூடியை என்னுடையது என்று சொல்வதைவிட, அந்தக் கையை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவன் கொடுத்தான், நான் எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி சாயங்காலம் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டிலும் டி.வி. போட்டு வைத்திருந்தார்கள். அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களை வேறு கூப்பிட்டிருந்தார். நான் கேமராப் பையை மாட்டிக்கொண்டு, லயத்தில் ஒரு வேலை என்று கிளம்பிவிட்டேன். அம்மா திட்டினார். எங்கள் வீட்டில் என் பெயர் வந்தால் யார் யார் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒத்தைப்பாறையில் அந்தக் கை வரும்போது என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. அது தெரியாமல் இருக்க முடியவில்லை.

பாலு வீட்டு ஒற்றை அறையில் லயமே உட்கார்ந்திருந்தது. வாசலில், ஜன்னலில், கட்டிலுக்கு மேலே. கார்டு வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதே நேரத்தில் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி இடம் மாற்றினார்கள். “ஏய் தலைய இறக்கு” என்று ஒருவர் கத்தினார். கார்டு போய்விட்டது. என்னைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

வாசுகி நடந்து வந்தபோது சிரித்தார்கள். ஹெல்மெட்டைப் பார்த்து விசிலடித்தார்கள். பிறகு அந்த ஷாட் வந்தது. கைகள் தண்டைத் தடவின. அண்ணாந்து பார்த்தாள். கை உயர்ந்தது.

“எட்டிப் புடி” என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தனக்குள் பேசுகிற மாதிரி.

“கொப்ப வளைடி! வளைச்சாக் கைக்கு வந்துரும்!”

“இடது கையால கொப்பப் புடிச்சுக்க, ஏய் வாசுகி!”

அந்த அறையில் அது படமாகவே இல்லை. பாதிப் பெண்களின் கைகள் மடியிலிருந்து எழுந்துவிட்டன. ஒரு அம்மா நிஜமாகவே எட்டி, காற்றில் இல்லாத ஒரு கிளையை இழுத்தார். மேகம் வந்து வாசுகியை மூடியதும் சத்தம் நின்றது. தெய்வம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மூணு வருசத்துல என்னமா வளந்து போச்சு” என்றார்.

“ஏன்டி வளைக்கல? மறந்து போச்சா வேல?” என்று ஒருவர் வாசுகியைக் கேட்டார்.

“எனக்கா மறக்கும்?” வாசுகிக்கு ரோஷம் வந்துவிட்டது. பாலுவைக் கை காட்டினாள். “வளைக்கத்தான் போனேன் சித்தி. இவந்தான் விடல. வளைக்கக் கூடாது, கைய மட்டும் தூக்குன்னான். ரெண்டு தடவ வளைச்சுட்டேன்னு அத அழிச்சிட்டு மறுபடி மறுபடி நடக்கவச்சான். அப்புறம் மேகம் வர்ற வரைக்கும் அப்படியே நில்லுன்னான். கை கடுத்துப் போச்சு.”

மேகத்துக்குக் காத்திருந்திருக்கிறான். நான் ரொட்டி தின்ற நேரத்தில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்து, சரியில்லை என்று மூன்றாவது தடவை எடுத்திருக்கிறான். ஸ்டாண்டு இல்லை. அதிர்ஷ்டம் இல்லை. ஒன்றுமே இல்லை.

“யாரு எடுத்த படம்?” என்று வாசலிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

“இந்தா, இவன்தான் டைரக்டரு” என்று பாலு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். எல்லாரும் கைதட்டினார்கள். தெய்வம்மா என் கையில் ஒரு அதிரசத்தை வைத்தார். அதைத் தின்ன வேண்டியிருந்தது.

பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். கீழே ஜெகதளாவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

“ஏன்டா வளைக்காதன்னு சொன்ன?” என்றேன்.

பாலு யோசித்தான். “வளைச்சாக் கொழுந்து கைக்கு வந்துரும். அப்புறம் என்ன மச்சி படம் இருக்கு?”

இதை நான் ஒரு வருடம் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவன் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

“இன்னொண்ணு தோணுது” என்றான். “ஃபேக்டரிக்குள்ள. மழ பெய்யறப்போ அந்த ஓட்டக் கூரைல தண்ணி எறங்கும் பாரு, பெரணி மேல. நாளைக்கு ஒரு நாள் கேமரா குடுப்பியா? நீ வர வேணாம், உனக்கெதுக்கு அலைச்சல்? நானே எடுத்துட்டுத் தந்தர்றேன்.”

பை என் மடியில் இருந்தது. வாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“சித்தப்பா கேமராவக் கேட்டாருடா.”

சித்தப்பா குவைத்தில் இருந்தார். அடுத்த வருடம்தான் வருவார். அது பாலுவுக்கும் தெரியும்.

“ஓ” என்றான். விரலில் ஒட்டிய எள்ளை நக்கினான். இருட்டில் ஃபேக்டரி இருந்த பக்கம் பார்த்தான். அவன் மண்டைக்குள் மழை பெய்வது எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து எடுப்பான், எவ்வளவு நேரம் காத்திருப்பான், ஒன்றும் தெரியவில்லை.

“அப்ப நீயும் வா” என்றான். “டைரக்டர் இல்லாம எப்படி?”

சிரிக்காமல்தான் சொன்னான். நன்றாகப் பார்த்தேன்.

“எத்தன மணிக்கு?” என்றேன்.